திரும்பி வருபவருக்கு ஒரு பருவம் கொடுங்கள்

(நாகப்பட்டினத்தில் கால்பந்து வீரர்கள், பெற்றோர், ரசிகர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். முட்டியில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்த ஒரு வீரர் மறுபடி மைதானத்தில் இறங்குகிறார். முதல் பந்து அவர் காலுக்கு வருவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்: "பழைய ஆட்டம் இன்னும் இருக்குமா இவருகிட்ட?" உலகத்தில் எந்த மைதானத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி உண்டு. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த வீரரை நேசித்தவர்கள்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால், இந்தக் கேள்வியை எப்போது கேட்கிறோம், எத்தனை அவசரமாகக் கேட்கிறோம் என்பது ஒருவருடைய வாழ்க்கையையே திசை திருப்பிவிடும். ரசிகர்களின் பொறுமையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நம்மைப் போன்ற கடற்கரை ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூர் வட்டாரத்தில் இருக்கும் இரவிபுத்தன்துறை அவருடைய ஊர். மீன்பிடியும் கால்பந்தும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும் கரை அது. 2017இல் ஒக்கி புயல் எத்தனையோ குடும்பங்களின் ஆண்களைக் கடலோடு கொண்டுபோனதும் அந்தக் கரையிலிருந்துதான். அங்கிருந்து கிளம்பி, சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடி, நாடு முழுக்கக் கவனிக்கப்பட்டு, ஜாம்ஷெட்பூர் அணிக்கும், பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் போனார். 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் நம்முடைய சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்று ஏ.டி.கே., இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியது. அந்தப் பருவத்தில் இடது ஓரத்தை ஓடி ஓடிக் காத்தவர்களில் அவரும் ஒருவர். தமிழ்நாட்டுக் கரையோரத்துப் பையன்கள் எல்லாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

அடுத்த பருவம் 2020 நவம்பர் 20 அன்று தொடங்கியது. கொரோனாக் காலம் என்பதால் ஆட்டங்கள் முழுவதும் கோவாவில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. பாம்போலிம் மைதானத்தில் முதல் ஆட்டம், ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயர் மாறியிருந்த அவர் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகாத நிலையில் சூசைராஜ் முட்டியில் அடிபட்டு வெளியே வந்தார். அணி 1-0 என்று வென்றது. ஆனால் அவருக்கு அந்தப் பருவமே முடிந்துபோனது. முழுப் பருவத்துக்கும் தயாராகி வந்த ஒருவருடைய ஆண்டு, முதல் ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில் கரைந்துவிட்டது.

நம் நாட்டுக் கால்பந்தில் ஒரு காயம் ஏன் இவ்வளவு பெரிய விலை கேட்கிறது என்பதை இங்கே யோசிக்க வேண்டும். ஐ.எஸ்.எல். பருவம் சில மாதங்கள்தான். முட்டியின் முக்கியமான ஜவ்வு அறுந்தால் குணமாகக் குறைந்தது ஒன்பது மாதம். ஆக, பருவத்தின் தொடக்கத்தில் அடிபட்டால் அந்த ஆண்டு முழுவதும் போயிற்று. நம் வீரர்களில் பலருக்கு ஒப்பந்தமே ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். அவர் நலமாகித் திரும்பும்போது பயிற்சியாளர் மாறியிருப்பார், அவர் ஆடிய இடத்தில் இன்னொருவர் காலூன்றியிருப்பார், ஒப்பந்தம் முடியும் தேதியும் நெருங்கியிருக்கும். சூசைராஜ் மறு பருவத்தில் திரும்பி வந்தார். ஆனால் பழையபடி வாரம் தவறாமல் ஆடும் இடம் கிடைக்கவில்லை. பிறகு ஒடிசா அணிக்குப் போனார். அவரிடம் திறமை குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அதைக் காட்ட எத்தனை நிமிடங்கள் அவருக்குக் கிடைத்தன என்று பார்ப்பதுதான் நியாயம்.

இனி அந்த முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தம்பிகள், தங்கைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

தொடை எலும்பும் அதற்குக் கீழே உள்ள கால் எலும்பும் சேரும் இடத்தில், கீழ் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் ஜவ்வு ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள். இது அறுவதற்கு யாரும் வந்து இடிக்க வேண்டியதில்லை. இந்தக் காயங்களில் ஏறத்தாழ 100க்கு 70, எதிராளி தொடாமலே நேர்கின்றன. வேகமாக ஓடிச் சட்டென்று நின்று திரும்பும்போது, தலையால் முட்ட எழும்பி ஒற்றைக் காலில் இறங்கும்போது, பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு மட்டும் சுழலும்போது. பலருக்கு உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம் கேட்கும். சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிடும். ஓரிரு வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க முடிந்ததும் "சரியாப் போச்சு" என்று திரும்பவும் ஆடப் போகிறவர்கள், அந்த ஆட்டத்தில் முட்டியின் குருத்தெலும்பையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முழுதாக அறுந்த ஜவ்வு பெரும்பாலும் தானாகச் சேர்வதில்லை. அதனால் அந்த வீரரின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முட்டிச்சில்லின் கீழிருந்தோ ஒரு துண்டுத் தசைநாரை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்துகிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வயல் பார்த்தவர்கள். உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நாற்றங்காலில் இருந்து பிடுங்கி நட்ட நாற்று முதல் சில நாள் வாடி, மஞ்சள் தட்டி நிற்கும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை பிடிக்கும். அந்த இடைவெளியில் யாரும் வயலில் இறங்கி மிதிக்க மாட்டார்கள். பொருத்திய தசைநாரும் அப்படித்தான். பொருத்திய அன்று இருந்த வலு, அடுத்த சில வாரங்களில் குறைகிறது. பிறகு மெல்ல இரத்த ஓட்டம் பிடித்து, மாதக்கணக்கில் வலுவேறுகிறது. வீரர் சாதாரணமாக நடக்கத் தொடங்கி, பார்ப்பவர்கள் "ஆளு நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லும் காலத்தில், உள்ளே அந்த நார் இன்னும் வலுவற்றே இருக்கிறது. வெளியே தெரியும் கால் ஒன்று, உள்ளே இருக்கும் கால் வேறொன்று.

2016இல் வெளியான ஓர் ஆய்வு நாம் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொன்னது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும், மறுபடி முட்டியில் அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரே ஒரு மாதப் பொறுமைக்கு அவ்வளவு பலன். நாள்காட்டியை மட்டும் பார்த்தாலும் போதாது. அடிபட்ட காலின் தொடைத் தசை, மற்றக் காலின் வலுவில் 100க்கு 90 பங்காவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவினால் இரண்டு காலும் ஏறத்தாழ ஒரே தூரம் போக வேண்டும். இவற்றைச் சோதித்துப் பார்த்த பிறகே நல்ல பிசியோதெரபிஸ்டுகள் சம்மதம் சொல்வார்கள்.

அப்படியானால் ரசிகர்களின் சந்தேகம் அடியோடு தவறா? இல்லை. அதற்கும் அடிப்படை இருக்கிறது. இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 7,500க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் ஒரு தொகுப்பு வெளியானது. ஏதோ ஒரு வகை விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 100க்கு 81 பேர். அடிபடுவதற்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பியவர்கள் 65 பேர். போட்டி ஆட்டங்களுக்குத் திரும்பியவர்கள் 55 பேர்தான். எல்லோரும் திரும்புவதில்லை, இது உண்மை, இதை மறைத்துப் பேசுவதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் திரும்பாதவர்களில் பலருக்கு முட்டி நன்றாகவே ஆறியிருந்தது என்பதும் ஆய்வுகள் சொல்லும் செய்தி. அவர்களைத் தடுத்தது மறுபடி அடிபடுமோ என்ற அச்சம். தன் காலின் மேல் தனக்கே நம்பிக்கை வராத ஒருவர் பந்துக்குப் போகும்போது அரை நொடி தயங்குவார். அந்த அரை நொடியைத்தான் நாம் மேலிருந்து பார்த்து "முடிஞ்சிபோச்சு" என்கிறோம். ஏற்கெனவே அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் குரலுக்கு நாம் ஒலிபெருக்கி கட்டிக் கொடுக்கிறோம்.

இந்தியக் கால்பந்தில் இதையெல்லாம் தாண்டி வந்தவர் சந்தேஷ் ஜிங்கன். சண்டிகரில் பிறந்தவர், தடுப்பாட்டக்காரர், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் 2014 முதல் ஆடி, அந்த மஞ்சள் சட்டைக் கூட்டத்தின் செல்லப் பிள்ளையாக இருந்தவர். 2019 அக்டோபரில் இந்திய அணி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காகக் குவாஹாட்டியில் தயாராகிக்கொண்டிருந்தது. நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியுடன் ஒரு பயிற்சி ஆட்டம். அதில் அவருடைய ஏ.சி.எல். அறுந்தது. சில நாள் கழித்துக் கொல்கத்தாவில் வங்கதேசத்துடன் நடந்த ஆட்டத்தில் அவர் இல்லை. இந்தியா 1-1 என்று சமன்தான் செய்தது. 2019-20 ஐ.எஸ்.எல். பருவத்தில் ஒரு நிமிடம்கூட அவர் ஆடவில்லை. 2020 மே மாதம் அவரும் கேரளா பிளாஸ்டர்ஸும் பிரிந்தார்கள். அவர் அணிந்த 21ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்தது. அந்த மரியாதை பெரியது. ஆனாலும் ஒரு பருவம் முழுவதும் ஆடாத, கையில் கிளப்பும் இல்லாத ஒரு தடுப்பாட்டக்காரராகத்தான் அவர் அன்றைக்கு நின்றார்.

ஏ.டி.கே. மோகன் பகான் அவரை எடுத்தது. 2020-21 பருவம் முழுவதும் அந்த அணியின் தடுப்பில் அவர் தூணாக நின்றார். அணி இறுதி ஆட்டம் வரை போனது. கோப்பை மும்பை சிட்டிக்குப் போனாலும், அந்த ஆண்டின் சிறந்த இந்திய வீரர் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தேர்ந்தெடுத்தது ஜிங்கனைத்தான். ஒரு முழுப் பருவத்தைப் படுக்கையிலும் பிசியோதெரபி மேசையிலும் கழித்தவர், அடுத்த பருவத்தில் நாட்டின் சிறந்த வீரர்.

அவருடைய கதை அதோடு முடியவில்லை. குரோவேஷியாவின் ஷிபெனிக் அணிக்குப் போனார்; அங்கே தொடக்கத்திலேயே அடிபட்டு, ஓர் ஆட்டமும் ஆடாமல் 2022 ஜனவரியில் இந்தியாவுக்குத் திரும்பினார். "ஐரோப்பா போய் என்ன கிழிச்சாரு" என்றவர்கள் உண்டு. 2023இல் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் சிரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் மறுபடி முட்டி. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களை அவர் இல்லாமலே இந்தியா ஆடி வெளியேறியது. இந்த முறை முடிந்தது என்றே பலர் எழுதிவிட்டார்கள். அதே 2024 நவம்பர் 18 அன்று ஹைதராபாத்தில் மலேசியாவுக்கு எதிராக அவர் மறுபடி இந்தியச் சட்டையுடன் இறங்கினார். அவருக்குக் காலத்தைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்; அந்தக் காலத்தை வீணாக்காமல் உழைத்தார் அவர். இரண்டும் சேர்ந்ததால் வந்தது அந்த நவம்பர் 18.

காலம் கொடுக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி பிரேசிலின் ரொனால்டோ. 1999 நவம்பரில் இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்காக லெச்சேவுக்கு எதிராக ஆடும்போது வலது முட்டிச்சில்லின் கீழுள்ள தசைநார் பாதி கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதத்துக்குள், 2000 ஏப்ரல் 12 அன்று, ரோமில் லாட்சியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். அரங்கமே அவருக்காகக் காத்திருந்தது. ஏழு நிமிடம்கூட முழுதாக ஆகவில்லை. பந்தோடு முன்னே பாய்ந்தவரின் முட்டி, பக்கத்தில் யாரும் தொடாமலே நொறுங்கியது. இந்த முறை நார் முழுவதும் அறுந்தது. அவர் அலறியபடி தரையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 23.

அடுத்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆட்டமே இல்லை. 2002 உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரைக் குழுவில் சேர்த்து, மூத்த வீரர் ரொமாரியோவை விட்டுவிட்டபோது பிரேசில் கொந்தளித்தது. ஆபரேஷன் செய்த கால் ஏழு ஆட்டம் தாங்குமா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. தாங்கியது. எட்டு கோல் அடித்தார். 2002 ஜூன் 30 அன்று யோகோஹாமாவில் ஜெர்மனியை 2-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் அவருடையவை.

ஆனால் அங்கே ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. 2002இல் வென்றது பழைய ரொனால்டோ இல்லை. பாதி மைதானத்திலிருந்து நான்கு பேரைத் தாண்டிக்கொண்டு புயலாகப் போன அந்த இளைஞர் 1999இலேயே போய்விட்டார். திரும்பி வந்தவர் குறைவாக ஓடினார், சரியான இடத்தில் நின்றார், கோல் பகுதிக்குள் யாரும் எதிர்பாராத நொடியில் பந்தைத் தொட்டார். ஆகவே "பழைய ஆட்டம் இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குக் கடைசிவரை "இல்லை" என்பதுதான் விடையாக இருந்திருக்கும். அவர்கள் கண்முன்னால் உலகக் கோப்பையே வெல்லப்பட்டது. காயத்திலிருந்து வருபவரைப் பழையவரோடு ஒப்பிடாமல், இப்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கப் பழக வேண்டும்.

பொறுமையாகக் காத்திருந்தவர்களின் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். ரொபெர்த்தோ பாஜ்ஜோவுக்கு 18 வயது. 1985 மே மாதம் விசென்சா அணிக்காக ஆடும்போது வலது முட்டி சிதைந்தது. ஃபியொரெந்தினா அணி அவரை வாங்கப் பேசி முடித்திருந்த நேரம் அது. விலகிக்கொள்ள அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, விலகவில்லை. மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் காத்திருப்பு என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு போனது. 1987 மே 10 அன்று நேப்பிள்ஸில், மாரடோனாவின் நாப்போலி அணிக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் அவர் அடித்த கோல் ஆட்டத்தைச் சமனாக்கி, ஃபியொரெந்தினா கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றியது. 1990இல் அவரை யுவென்டஸ் அணிக்கு விற்றபோது ஃபுளோரன்ஸ் நகரத் தெருக்களில் கலவரமே மூண்டது. தன் இளம் வயதில் தன்னைக் கைவிடாத ஊர் அது. அந்த ஊரும் தான் காத்திருந்து வளர்த்தவரை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை என்பதையும் மனம் திறந்து பேச வேண்டும். சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு ஜேஜே லால்பெக்லுவாவைத் தெரியும். மிசோரம் மண்ணின் மகன். சென்னைக்கு 2015இலும் 2018இலும் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கித் தந்த முன்கள வீரர். 2017-18 பருவத்தில் ஒன்பது கோல் அடித்தவர், அடுத்த பருவத்தில் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். சாம்பியன் அணி பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது. கோபமெல்லாம் அவர் மேல் திரும்பியது. அதற்குப் பின் முட்டி ஆபரேஷன். 2019-20 பருவம் முழுதும் ஆடவில்லை. ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் முயன்று பார்த்தார்; பழைய கோல்கள் வரவில்லை. 2023இல் ஓய்வு பெற்று, அதே ஆண்டு தன் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் திரும்பி வரவில்லையே என்று கணக்குப் போடுவோர் போடட்டும். இந்தியாவுக்காக 23 கோல் அடித்தவருடைய கணக்கு அந்தக் கடைசி இரண்டு பருவத்தோடு முடிவதில்லை.

வியாசர்பாடியின் தனபால் கணேஷையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். வட சென்னையின் அந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்பார்கள். 2018 மார்ச் 13 அன்று சென்னை நேரு மைதானத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஜேஜே அடித்த இரண்டு கோலுக்கு நடுவே ஒன்று தனபாலுடையது; 3-0 என்று வென்று சென்னையின் எஃப்.சி. இறுதிக்குப் போய்க் கோப்பையை எடுத்தது. நடுக்களத்தில் எதிராளியின் மூச்சைப் பிடித்து நிறுத்தும் ஆட்டம் அவருடையது. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை முட்டிக் காயம் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் தன் சொந்த ஊர் அணியில் நடுக்களத் தலைவனாக வளர வேண்டிய ஆண்டுகள் அவை. அந்த இழப்பு அவருக்கு மட்டும் ஏற்பட்டதில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த தெருப் பிள்ளைகளுக்கும் ஏற்பட்டது.

இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் கிளப் இருந்தது, அறுவை மருத்துவர் இருந்தார், பிசியோதெரபிஸ்ட் இருந்தார். இனி நம் ஊருக்கு வருவோம். நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான்.

நாகூரிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் கடற்கரை மணலில் மாலையானால் பந்து உருள்கிறது. உள்ளே போனால், தை அறுவடை முடிந்த வயலில் கம்பு நட்டு கோல் போஸ்ட் வைத்து ஆடுகிறார்கள். அறுத்த தாளும், வெடித்த மண்ணும், மாடு மிதித்த பள்ளமும் நிறைந்த தரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளி மைதானமெல்லாம் சேறு. இந்தத் தரையில், பெரும்பாலும் சரியான பூட் இல்லாத காலோடு, சூடேற்றிக்கொள்ளாமல் நேராக ஆட்டத்தில் குதிக்கிறார்கள். முட்டி போவதற்கு வேண்டிய எல்லாம் இங்கே ஒன்றுசேர்ந்திருக்கிறது.

நம் பையனுக்கு முட்டி போனால் யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள். நேராகத் தீர்ப்புத்தான். "கால் போச்சு, இனி பந்தைத் தொடாதே" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சிலர் புத்தூர் கட்டு போட்டுப் பார்ப்பார்கள். அறுந்த ஜவ்வு கட்டினால் சேராது. இன்னொரு பக்கம், சாயங்காலம் ஃபைனல் என்றால் வீங்கிய முட்டியில் துணியைச் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து இறக்கிவிடும் அணிகளும் உண்டு. ஒரு பக்கம் முழுக் கைவிடல், இன்னொரு பக்கம் முழு அவசரம். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய காத்திருப்பை அவனுக்குக் கொடுக்க ஆளில்லை.

அந்தப் பையன் இழப்பது ஆட்டத்தை மட்டும் இல்லை. வயதுப் பிரிவுத் தேர்வுகளில் ஓர் ஆண்டு போனால் அந்தப் பிரிவே போய்விடும். விளையாட்டு விடுதித் தேர்வு, கல்லூரி இடம், காவல்துறை, ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை எல்லாம் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் தீர்மானமாகின்றன. ஒரு மீனவக் குடும்பத்துக்கோ விவசாயக் கூலிக் குடும்பத்துக்கோ அந்த வேலை ஒரு தலைமுறையைத் தூக்கிவிடும். அறுந்த ஜவ்வோடு அந்தக் கதவும் மூடிக்கொள்கிறது.

தங்கைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கால்பந்து ஆடும் பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட இரு மடங்கு அல்லது அதற்கும் மேல். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பெத் மீட், லியா வில்லியம்சன் போன்றவர்கள் இந்தக் காயத்தால் ஆட முடியவில்லை. ஸ்பெயினின் அலெக்சியா புதேயாஸ் 2022 ஜூலையில் இதே காயம் பட்டு, 2023 ஆகஸ்டில் உலகக் கோப்பையை வென்ற அணியில் நின்றார். நம் பக்கத்துக் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன்கள். இந்த வரிசையில் நாகையின் பெண் பிள்ளைகள் சேர வேண்டுமானால் அவர்களுடைய முட்டியை இன்றிலிருந்து காக்க வேண்டும். அடிபட்ட பையனுக்காவது "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள். அடிபட்ட பெண்ணிடம் "இதுக்குத்தான் அப்பவே சொன்னோம்" என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த வாக்கியத்தை இந்த அவையில் இருக்கும் எந்தப் பெற்றோரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்யக்கூடியது என்ன? பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவில்லை.

பயிற்சியாளர்களே, 'பிஃபா 11+' என்று ஒரு சூடேற்றும் பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. ஓட்டம், தொடை, இடுப்பு வலுப் பயிற்சி, குதித்துச் சரியாகத் தரையிறங்கும் பழக்கம் என்று 20 நிமிடம். எந்தக் கருவியும் வேண்டாம். வாரத்தில் குறைந்தது இரண்டு முறை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடற்கரையிலும் செய்யலாம், வயலிலும் செய்யலாம்.

போட்டி நடத்துபவர்களே, கோப்பைக்கும் பேனருக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலுதவிக்கும் ஐஸுக்கும் தரையைச் சமன்படுத்தவும் ஒதுக்குங்கள். அன்றைக்கு முட்டி வீங்கிய பிள்ளை அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது என்பதை விதியாக எழுதி வையுங்கள். ஃபைனல் அடுத்த ஆண்டும் வரும்.

பெற்றோர்களே, முட்டி வீங்கினால் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒரத்தூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆபரேஷனோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பாதி வேலை அதற்குப் பிறகு வரும் பிசியோதெரபியில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் விட்டுவிடுவது அதைத்தான். பஸ் செலவும், ஒருநாள் கூலியும், "நடக்கறான்ல" என்ற எண்ணமும் சேர்ந்து இரண்டாவது மாதத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஓர் அணி தன் அடிபட்ட ஆட்டக்காரனின் பஸ் செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் அவன் கால் மிஞ்சும். வீரர்களுக்கு நிதியுதவி செய்வதற்காகத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023இல் தொடங்கப்பட்டது. பதக்கம் வாங்கப் போகும் வீரருக்குத் தருவதைப் போல, அடிபட்டு வீட்டில் கிடக்கும் மாவட்ட வீரருக்கும் தர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்காமல் எதுவும் நாகப்பட்டினம் வரை வந்து சேராது.

அடிபட்ட தம்பிகளே, தங்கைகளே, அணியை விட்டு விலகி உட்காராதீர்கள். ஆட முடியாத மாதங்களில் மைதானத்துக்கு வந்து ஆட்டத்தைப் படியுங்கள். யார் எங்கே நிற்கிறார், இடம் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். வேகம் கொஞ்சம் குறைந்து திரும்பினாலும், பார்வை கூடித் திரும்பினால் நீங்கள் இன்னொரு நல்ல ஆட்டக்காரர்.

கடைசியாக ரசிகர்களிடம். சந்தேகப்படுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு தவணை வையுங்கள். காயத்திலிருந்து திரும்பிய ஒருவரை முதல் ஆட்டத்தில் எடைபோடாதீர்கள். ஐந்தாவது ஆட்டத்திலும் வேண்டாம். ஒரு முழுப் பருவம் ஆட விடுங்கள். அந்தப் பருவம் முடிந்த பிறகும் ஆட்டம் வரவில்லை என்றால் அப்போது விமரிசியுங்கள். அதில் நேர்மை இருக்கும், அவரும் ஏற்றுக்கொள்வார். இந்த ஒரு பருவத்தை இந்திய அணியின் வீரருக்குக் கொடுப்பதைப் போலவே, அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ பத்து மாதம் கழித்துப் பூட் கட்டிக்கொண்டு வரும் பையனுக்கும் கொடுங்கள். அவன் முதல் பந்தைத் தவறவிடுவான். அப்போது ஓரத்தில் நிற்கும் நீங்கள் கை தட்டினால், அடுத்த பந்துக்கு அவன் தயங்காமல் போவான்.

இதை இன்று மாலை ஆட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.